தமிழில் வடிவியல் அவுட்லைன் எழுத்துரு செய்வது எப்படி

போஸ்டர் தலைப்புக்கு அவுட்லைன் எழுத்து, அதாவது ஓரக்கோடு மட்டும் தெரியும் எழுத்து, வேண்டுமென்றால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: கையில் இருக்கும் தடித்த எழுத்துருவில் சொல்லை அடித்து, உள்நிறத்தை எடுத்துவிட்டு, ஓரத்துக்கு ஸ்ட்ரோக் கொடுத்துவிடுவார்கள். 'பட்டம்' என்ற சொல் இதில் ஓரளவு தேறிவிடும். 'கண்ணன்' என்று அடித்தால் தேறாது. ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று நெருங்கி, எது எழுத்தின் பட்டை, எது வெற்றிடம் என்று கண் தடுமாறும். ஸ்ட்ரோக் ஓரத்தின் இரு பக்கமும் பாதிப்பாதியாகப் படர்வதால் எழுத்துகளுக்கு நடுவிலிருந்த இடைவெளியும் சுருங்கிப்போகும். அவுட்லைனாகவே பிறந்த எழுத்துருவில் இந்தச் சிக்கல்கள் வரைவதற்கு முன்பே, எண்களாகத் தீர்ந்துவிடுகின்றன.

இங்கே சொல்வது எதிர்காலத் தோற்றம் கொண்ட, நேர்கோடும் கால்வட்டமும் 45 பாகைச் சாய்வும் மட்டுமே வைத்து வரையும் தமிழ்த் தலைப்பு எழுத்துரு. கருவிகள் வரைவதற்கு இன்க்ஸ்கேப்பும் எழுத்துருவாக்க ஃபாண்ட்ஃபோர்ஜும், இரண்டும் இலவச மென்பொருள்கள். கிளிஃப்ஸ் அல்லது ஃபாண்ட்லேப் என்ற எழுத்துரு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் படிகள் இதே வரிசைதான், மெனுப் பெயர்கள் மட்டும் மாறும்.

சதுரத்தை உருட்டிவிட்டது போன்ற மூலைகள் ஏன் 'எதிர்காலம்' என்று தோன்றுகின்றன என்பதற்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. இத்தாலியின் டூரின் நகரத்து நெபியோலோ அச்சுவார்ப்பகம் 1952இல் மைக்ரோகிராமாவை வெளியிட்டது. அலெஸ்ஸாண்ட்ரோ புட்டியும் ஆல்டோ நோவரேசேயும் வரைந்த அதில் பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தன. சிறிய எழுத்துகளையும் சேர்த்து நோவரேசே 1962இல் யூரோஸ்டைலைக் கொண்டுவந்தார். தமிழுக்கு எழுத்துரு வரைகிறவர்கள் பார்த்துக் கற்க வேண்டியது யூரோஸ்டைலை அல்ல, மைக்ரோகிராமாவைத்தான். பெரிய, சிறிய என்ற பிரிவு நமக்கும் கிடையாது. அகலமான உடல், ஒரே உயரம், மூலையில் மட்டும் வளைவு என்ற அதன் கட்டமைப்பு ப, ட, ம, ய ஆகிய எழுத்துகளோடு இயல்பாகவே பொருந்துகிறது.

இரண்டு வெள்ளைகள்

தொடங்கும் முன் நான்கு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வோம். நிரப்பிய எழுத்தில் தண்டின் முழு அகலம் 'பட்டை'. அந்தப் பட்டையின் இரு ஓரத்திலும் ஓடும் மெல்லிய கறுப்பு 'கோடு'. இரண்டு கோடுகளுக்கு நடுவே பட்டைக்குள் தெரியும் வெள்ளை 'தடம்'. ப போன்ற எழுத்தின் வயிற்றிலும் சுழியின் நடுவிலும் இருக்கும் வெள்ளை 'உள்வெளி'.

தடமும் வெள்ளை, உள்வெளியும் வெள்ளை. வாசிப்பவரின் கண் இரண்டையும் அகலத்தை வைத்து மட்டுமே பிரித்தறிகிறது. இரண்டும் ஒரே அகலத்தில் இருந்தால் எழுத்து வெறும் வரிக்கோலமாகிவிடும். ஆகவே விதி இது: எழுத்துருவில் எங்குமே உள்வெளி தடத்தைவிடக் குறைந்தது 1.3 மடங்காவது இருக்க வேண்டும். இந்த ஒன்றைக் காப்பாற்றினால் மற்ற தவறுகள் பல மன்னிக்கப்படும். இதை விட்டுவிட்டால் வேறு எதைச் சரிசெய்தும் பயனில்லை.

இந்த விதியைச் சோதிக்கும் எழுத்து ப அல்ல. பகரத்துக்கு இரண்டே தண்டு, வயிறு காலியாக இருக்கும், பட்டையை எவ்வளவு தடித்தாலும் தாங்கும். மூன்று சுழி ண, ஞ, ஊ, ஐ ஆகியவைதான் நெருக்குபவை. எனவே பட்டையின் அகலத்தை ணகரத்திடம் கேட்டு முடிவுசெய்யுங்கள். நீங்கள் வரைந்த ணகரத்தின் குறுக்கே, நெரிசல் அதிகமான உயரத்தில், ஒரு கிடைக்கோடு போட்டு எத்தனை இடத்தில் பட்டை வெட்டுப்படுகிறது என்று எண்ணுங்கள். ஐந்து இடம் என்றால் தேவைப்படும் அகலம் ஐந்து பட்டையும் நான்கு உள்வெளியும். பட்டை 100, உள்வெளி 84 என்றால் 500 + 336 = 836 அலகு (எழுத்துருச் சதுரத்தின் பக்கம் 1000 அலகு). பட்டையை 140க்கு ஏற்றினால், தடமும் கூடவே அகலமாவதால் உள்வெளி 135 ஆக வேண்டும், மொத்தம் 1240. அந்த ண பக்கத்து எழுத்துகளை விழுங்கிவிடும்.

1000 அலகுச் சதுரத்துக்குப் பொருந்தி வரும் அளவுகள் இவை:

பட்டை 100
கோடு 18
தடம் 64 (100இலிருந்து இரண்டு 18 போக)
மிகச் சிறிய உள்வெளி 84
எழுத்தின் உடல் உயரம் 560
புள்ளியின் வெளிவிட்டம் 130

கோடும் தடமும் 1:3 முதல் 1:5 வரையான விகிதத்தில் இருந்தால் போதும். 1:2க்கு வந்தால் மூன்று வரிப் பட்டையாகத் தெரியும். 1:8க்குப் போனால் கோடு முடியிழையாகி, எட்ட நின்று பார்க்கும்போது எழுத்தே கரைந்துவிடும். பட்டைக்கும் கோட்டுக்கும் இரட்டைப்படை முழு எண்களையே எடுங்கள். கோடு 17.5 என்று வைத்தால் ஏற்றுமதியின்போது புள்ளிகளின் ஆயத்தொலைவுகள் முழு எண்ணாக்கப்படும். ஒரு தண்டில் 17, பக்கத்துத் தண்டில் 18 என்று நிற்கும். நிரப்பிய எழுத்தில் ஓர் அலகு வேறுபாடு யார் கண்ணிலும் படாது. 18 அலகுக் கோட்டில் அது பட்டுவிடும்.

உயரத்தையும் இதே போலக் கணக்கிட்டுக்கொள்ளலாம். 560 உயரத்துக்குள் மூன்று கிடைப்பட்டைகள் வந்தால் 300 போக 260 மிஞ்சும். இரண்டு உள்வெளிக்கும் 130 கிடைக்கும், தாராளம். நான்கு கிடைப்பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தால் 400 + 3 × 84 = 652, அடங்காது. அப்படி ஓர் எழுத்து வந்தால் அதன் வாலை அடிக்கோட்டுக்குக் கீழே இறக்குங்கள். எக்காரணம் கொண்டும் அந்த ஓர் எழுத்துக்கு மட்டும் பட்டையை மெலிதாக்க வேண்டாம். நிரப்பிய எழுத்துருக்களில் அது வழக்கமான தந்திரம். அவுட்லைனில் தடம் 64இலிருந்து 50க்கு இறங்கினாலே அந்த எழுத்து வேறு எழுத்துருவிலிருந்து வந்தது போலத் தெரியும்.

எலும்புக்கூடு வரைதல்

முதலில் அவுட்லைனை வரையாதீர்கள். பட்டையின் நடுக்கோட்டை மட்டும் திறந்த பாதையாக வரையுங்கள். இன்க்ஸ்கேப்பில் 1000 × 1000 பிக்சல் பக்கம், 10 அலகுக் கட்டம், ஸ்ட்ரோக் அகலம் 100, முனை தட்டை, இணைப்பு மைட்டர் (கூர்மூலை). நிரப்புநிறம் வேண்டாம். இப்படி வைத்துக்கொண்டால் பட்டையை 96ஆகவோ 104ஆகவோ மாற்றிப் பார்க்க ஒரே எண்ணைத் திருத்தினால் போதும்.

மூலைகளுக்கு நடுக்கோட்டின் ஆரத்தை 100 என்று வையுங்கள். இதிலிருந்து நான்கு ஆரங்கள் பிறக்கின்றன: பட்டையின் வெளி ஓரம் 150, அந்தக் கோட்டின் உட்பக்கம் 132, உள் ஓரத்துக் கோட்டின் தடப்பக்கம் 68, அதன் உள்வெளிப் பக்கம் 50. நான்குக்கும் மையம் ஒன்றே. நிறையப் பேர் செய்யும் பிழை, வெளி மூலையின் ஆரத்தையே உள் மூலைக்கும் நகலெடுப்பது. அப்போது நேர்ப்பகுதியில் 18 ஆக இருக்கும் கோடு மூலையில் தடித்துவிடும். எழுத்துரு ஏதோ கோணலாக இருக்கிறது, ஏனென்று தெரியவில்லை என்றால் முதலில் மூலைகளை அளந்து பாருங்கள்.

கால்வட்டத்தின் கைப்பிடி (வளைவை இழுத்து வடிவமைக்கும் கோடு) நீளம் ஆரத்தின் 0.5523 மடங்கு. 150க்கு 83, 132க்கு 73, 68க்கு 38, 50க்கு 28. வட்டத்துக்குப் பதில் யூரோஸ்டைல் போன்ற உப்பிய சதுர வளைவு வேண்டுமென்றால் ஆரத்தைக் கூட்டி, கைப்பிடியை 0.62 முதல் 0.7 மடங்கு வரை நீட்டலாம். ஆனால் அத்தகைய வளைவை இணையாக நகர்த்தும்போது கிடைப்பது அதே வகை வளைவல்ல. மென்பொருள் தோராயம் செய்து கூடுதல் புள்ளிகளைத் திணிக்கும், ஒவ்வொரு மூலையையும் கையால் சீராக்க வேண்டி வரும். முதல் எழுத்துருவுக்கு நேர்கோடும் கால்வட்டமும் போதும் என்பதற்கு அழகைவிட இதுவே பெரிய காரணம்.

வரையும் வரிசை: ப, ட, ம, ய, க, வ, ர, ண, அ, ழ. முதல் நான்கில் நேர்க்கோட்டு இலக்கணம் உறுதிப்படும். க, வ இரண்டில் சுழி எப்படி மூடும் என்பது தெளிவாகும். ண வந்ததும் பட்டையை மாற்ற வேண்டுமா என்று தெரிந்துவிடும். மாற்ற வேண்டுமென்றால் அங்கேயே மாற்றிவிட வேண்டும். அகரத்தையும் ழகரத்தையும் முடித்தபின் மற்ற எழுத்துகளுக்கான உறுப்புகள் பெரும்பாலும் கையில் இருக்கும்.

வளைவுகளைச் சதுரமாக்கும்போது சில எழுத்துகள் ஒன்றோடொன்று மயங்கும். ரகரத்தின் சாய்ந்த அடியை நேராக்கிவிட்டால் அது துணைக்கால் ஆகிவிடும். ஆகவே அந்தச் சாய்வை 45 பாகையில் விடாமல் வைத்திருங்கள். எ, ஏ இரண்டுக்கும் வேறுபாடு அந்தக் கீழ்ச்சாய்வு மட்டுமே. அது குறைந்தது 120 அலகாவது நீள வேண்டும். ஒகரமும் ஓகாரமும் கடைசிச் சுழியில் பிரிகின்றன. அந்தச் சுழியின் உள்வெளி 84க்குக் குறையக் கூடாது. இரண்டு சுழி னகரத்தையும் மூன்று சுழி ணகரத்தையும் ஒரே அகலத்தில் அடைக்கப் பார்க்க வேண்டாம். ண அகலமாகத்தான் இருக்கும், தமிழ் வாசிப்பவருக்கு அது பழகிய தோற்றம்.

நிரப்பு, ஒன்றாக்கு, உள்ளிழு

எலும்புக்கூடு முடிந்ததும் ஒவ்வோர் எழுத்துக்கும் இதே வரிசை. முதலில் பாதை மெனுவில் ஸ்ட்ரோக்கைப் பாதையாக மாற்றுங்கள். 100 அலகுப் பட்டை இப்போது நிரப்பிய வடிவமாகிவிடும். அடுத்து யூனியன் கொடுத்து ஒன்றுமேல் ஒன்று ஏறியிருப்பவற்றை ஒன்றாக்குங்கள். இந்த நிலையில் ஒரு நகலை 'நிரப்பு' என்ற தனிக் கோப்பில் எடுத்து வையுங்கள், பின்னால் மிகவும் தேவைப்படும். மூன்றாவதாக, ஒரு நகலை 18 அலகு உள்ளிழுத்து (ஓரத்தை எல்லாப் பக்கமும் உள்ளே நகர்த்தி), அசலிலிருந்து கழியுங்கள். இன்க்ஸ்கேப்பின் உள்ளிழுப்பு அளவு விருப்பங்களில், படிகள் என்ற பகுதியில் இருக்கிறது. அதை 18 ஆக்கிக்கொண்டால் ஒரே அழுத்தில் வேலை முடியும்.

ஃபாண்ட்ஃபோர்ஜுக்குள்ளேயே செய்வதென்றால், நிரப்பிய வடிவத்தின் மேல் எக்ஸ்பேண்ட் ஸ்ட்ரோக்கை 36 அகலத்தில் கொடுத்து, வெளிப்புறப் பாதையை நீக்கும் தேர்வைக் குறியிடுங்கள். 36இன் பாதியான 18 உள்ளே நகர்ந்த பாதை மட்டும் மிஞ்சும். அதனுடன் அசல் வடிவத்தை ஒட்டிவிட்டு, பாதைத் திசையைத் திருத்துங்கள். இணைப்பு வகை மைட்டர்தானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வட்டம் என்று விட்டுவிட்டால், ப போன்ற எழுத்தின் உட்குழிந்த கூர்மூலைகளில் தேவையற்ற உருண்டைகள் முளைக்கும்.

திசை இங்கே சாதாரண எழுத்துருவைவிட முக்கியம். நிரப்பிய ப ஒரே பாதை, அவுட்லைனில் இரண்டு. மூடிய சுழி ஒன்று உள்ள எழுத்து நிரப்பில் இரண்டு பாதை, அவுட்லைனில் நான்கு. வெளியிலிருந்து உள்ளே போகப் போக அவற்றின் திசை மாறி மாறி வர வேண்டும். போஸ்ட்ஸ்கிரிப்ட் வகை வளைவுகளில் வெளிப்பாதை இடஞ்சுழி, அடுத்தது வலஞ்சுழி. ட்ரூடைப்பில் இதற்கு நேர்மாறு. ஒரு பாதை திசை தவறினாலும் அந்தத் தடம் முழுக்கக் கறுத்துப்போகும். எழுத்துருவை நிறுவிப் பார்க்கும்போது ஒரு சுழி மட்டும் கட்டியாக அடைத்திருந்தால் காரணம் இதுதான், வேறெங்கும் தேட வேண்டாம். பாதைகளின் எண்ணிக்கை நிரப்பு வடிவத்தைப் போலச் சரியாக இரண்டு மடங்கா என்றும் எண்ணிப் பாருங்கள். கூடுதலாக ஒன்று இருந்தால், கூர்மூலையில் தூசி போல ஒரு முக்கோணம் ஒளிந்திருக்கும்.

சாய்வுப் பட்டை செங்குத்துத் தண்டைச் சந்திக்கும் கவட்டில் இரண்டு கோடுகள் கூர்மையாக நெருங்கி ஒரு கறுப்புத் திட்டு உண்டாகும். தொலைவில் இருந்து பார்த்தால் அந்த இடம் மட்டும் அழுக்குப் போலத் தெரியும். அந்தக் கவட்டைக் கூராக விடாமல் 20 முதல் 24 அலகு அகலத்தில் தட்டையாக வெட்டிவிடுங்கள்.

பட்டையின் முனைகளை மூடுவதா திறந்து விடுவதா? திறந்து விட்டால் எழுத்துகள் தண்டவாளம் போல ஓடும், எதிர்காலத் தோற்றம் கூடும். ஆனால் தமிழில் ர, ழ, ற ஆகியவற்றின் வால்நுனி எங்கே முடிகிறது என்பது வாசிப்புக்குத் தேவை. அடிப்படை எழுத்துகளில் முனையை மூடிவிட்டு, திறந்த முனைகளை மாற்று வடிவத் தொகுதியாகத் தருவதுதான் முறை.

உயிர்மெய்கள்: வேலையின் பெரும்பகுதி

சாதாரணத் தமிழ் எழுத்துருவில் மேல்விலங்கை, அதாவது இகரக் குறியை, நங்கூரப் புள்ளி (குறி வந்து பொருந்தும் இடம்) வைத்து மெய்யின் மேல் உட்கார வைத்துவிடலாம். இரண்டும் கறுப்பு, ஒட்டிய இடம் தெரியாது. அவுட்லைனில் அது நடக்காது. கியின் விலங்கு ககரத்தைத் தொடும் இடத்தில் ககரத்தின் ஓரக்கோடு விலங்கின் தடத்துக்குக் குறுக்கே வேலி போல நிற்கும். ஆகவே இகர, ஈகார உயிர்மெய்கள் அனைத்தையும் எலும்புக்கூட்டு நிலையிலேயே இணைத்து, ஒன்றாக்கி, அதன்பின் உள்ளிழுக்க வேண்டும். புள்ளி மட்டும் விதிவிலக்கு. அது மெய்யைத் தொடுவதில்லை என்பதால் நங்கூரம் போதும்.

எண்ணிக்கையைப் பார்த்துவிடுவோம். உயிர் 12, ஆய்தம் 1. மெய்யின் அகர வடிவம் 18. கிரந்தத்தில் ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ சேர்த்து 23. இந்த 23க்கும் இகரம், ஈகாரம் 46. உகர, ஊகாரம் தமிழ் மெய்களுக்கு 36. கிரந்தத்துக்குத் தனியே நிற்கும் உகர, ஊகாரக் குறிகள் 2. துணைக்கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு, ஔகாரத்தின் பின்பகுதி என 5. தனி இகர, ஈகாரக் குறிகள் 2, புள்ளி 1, ஸ்ரீ 1. மொத்தம் 129. எண்களும் நிறுத்தற்குறிகளும் இதற்கு மேல். 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னா, ணை, லை, ளை, னை வடிவங்கள் இத்தகைய எழுத்துருவுக்குத் தேவையில்லை.

உகரத்தை 18 தனித்தனி வேலையாகப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். மூன்று குடும்பமாகப் பிரியுங்கள். கு, டு, மு, ரு, ழு, ளு ஆறும் வளைந்து சுற்றுபவை. ஙு, சு, பு, யு, வு ஐந்தும் நேராக இறங்குபவை. ஞு, ணு, து, நு, லு, று, னு ஏழும் கீழே வளைந்து வலப்பக்கம் மேலேறுபவை. குடும்பத்துக்கு ஓர் உறுப்பு வரைந்து, ஒட்டும் இடத்தை மட்டும் எழுத்துக்கேற்ப நகர்த்துங்கள். மூன்றாம் குடும்பத்தின் ஊகாரம் உகரத்தோடு துணைக்கால் போன்ற உறுப்பைச் சேர்த்தால் கிடைத்துவிடும். கூ, சூ இரண்டும் எந்தக் குடும்பத்திலும் அடங்காதவை, தனியாக வரையுங்கள். இகரத்தில் அதே போலத் தனித்து நிற்பவை டி, டீ. விலங்கு டகரத்தின் தலையிலிருந்து அல்ல, அடிப்பட்டையின் வலமுனையிலிருந்து எழும்.

அடிக்கோட்டுக்குக் கீழே முழு வளையமாகச் சுற்றும் உறுப்பின் உயரம் எவ்வளவு? உள்வெளி 84, இரு பக்கமும் பட்டை 100, ஆக 284. எனவே கீழெல்லையை -320க்கு வையுங்கள். ஈகாரச் சுழிக்கும் இதே 284 வேண்டும் என்பதால் மேலெல்லை 900. வரி இடைவெளி 1220 அலகாகும். தலைப்பில் இரண்டு வரி வைக்கும்போது பயனர் இதை நெருக்கத்தான் பார்ப்பார். ஆனால் இயல்புநிலையில் ரூவும் கீழ்வரியின் கீயும் முட்டிக்கொள்ளாமல் இருப்பது எழுத்துருவின் பொறுப்பு. விண்டோஸ், மேக் இரண்டுக்குமான எல்லை மதிப்புகளில் ஒரே எண்களைப் போடுங்கள், இல்லையென்றால் ஒரே கோப்பு இரண்டு கணினியில் இரண்டு உயரத்தில் உட்காரும்.

புள்ளியை வளையமாக்குங்கள். வெளிவிட்டம் 130, கோடு 18, உள்ளே 94 வெள்ளை. உடலின் உச்சியான 560இலிருந்து 90 அலகு தள்ளி, 650இல் தொடங்கி 780இல் முடியட்டும். ஆய்தத்துக்கும் இதே வளையம்தான், மூன்று.

இடைவெளி

அவுட்லைன் எழுத்துருவில் இடைவெளி வைப்பதற்குத் தனிப் பொறி ஒன்று இருக்கிறது. இரண்டு எழுத்துகளுக்கு நடுவிலான வெள்ளையும் இரு பக்கம் கோடுகளால் அடைபட்டது. பகரத்தின் இருபுறமும் 32 அலகு விட்டால் 'பப' என்ற இணையில் நடுவெளி 64, அதாவது தடத்தின் அதே அகலம். அங்கே இல்லாத ஒரு தண்டு இருப்பது போலத் தோன்றும். நேர்த்தண்டுப் பக்கங்களுக்கு 55 விடுங்கள், நடுவெளி 110. வளைவுப் பக்கங்களுக்கு 42 முதல் 46 வரை. துணைக்கால் தன் மெய்யோடு சேர்ந்த உறுப்பு என்பதால் சற்று நெருங்கலாம், ஆனால் நடுவெளி 88க்குக் கீழே போக வேண்டாம். டகரத்தின் வலப்பக்க மேற்பாதி காலி; டகரத்தை அடுத்து சாய்வாகத் தொடங்கும் எழுத்து வந்தால் -20 முதல் -30 வரை கெர்னிங் (அந்த இணைக்கு மட்டுமான இடைவெளித் திருத்தம்) தேவைப்படும்.

பயனர்கள் தலைப்பை நெருக்கிவைக்கவே விரும்புவார்கள். எவ்வளவு நெருக்கினால் 110 என்ற நடுவெளி 64ஆகிறது என்று பாருங்கள்: 46 அலகு, அதாவது டிராக்கிங் (எல்லா எழுத்துகளுக்கும் பொதுவான இடைவெளி மாற்றம்) -46. எழுத்துருவோடு தரும் குறிப்பில் '-20க்குக் கீழே நெருக்க வேண்டாம்' என்று எழுதிவிடுங்கள்.

எழுத்துகளைச் சேர்க்கும் விதிகள்

யூனிகோடு முறையிலேயே செய்யுங்கள். ஓபன்டைப் விதிகளை (எழுத்துகள் சேரும் முறையை எழுத்துருவுக்குள் சொல்பவை) புதிய தமிழ்க் குறியான டி.எம்.எல்.2இல் எழுதி, பழைய மென்பொருளுக்காக டி.ஏ.எம்.எல். குறியிலும் நகலெடுத்து வையுங்கள். க, புள்ளி, ஷ மூன்றும் க்ஷவாவது ஏ.கே.எச்.என். அம்சத்தில். இகர, ஈகார, உகர, ஊகார உயிர்மெய்கள் பி.எஸ்.டி.எஸ். அம்சத்தில். ஸ்ரீ இரண்டு வகையில் தட்டச்சாகும்: ஸகரத்தில் தொடங்கி ஒன்று, ஶகரத்தில் தொடங்கி மற்றொன்று. இரண்டுக்கும் விதி வேண்டும்; ஒன்றை விட்டால் அழைப்பிதழ் அச்சடிப்பவரிடமிருந்துதான் முதல் புகார் வரும். ஶகரத்துக்கும் ஒரு வடிவம் சேர்த்துக்கொண்டால் இந்த இடம் முழுமையாகும்.

கொம்பை மெய்க்கு முன்னால் கொண்டுவருவதும், ஒகரக் குறியைக் கொம்பும் காலுமாகப் பிரிப்பதும் இயங்குதளத்தின் வேலை. அதற்கு நீங்கள் விதி எழுத வேண்டாம். 'கெ' என்பது கொம்பு பின்னால் போய்த் தெரிந்தால் குறை எழுத்துருவில் இல்லாமல் இருக்கலாம். இன்டிசைனிலும் போட்டோஷாப்பிலும் வேர்ல்டு-ரெடி அமைப்பு இயங்கவில்லையா என்று முதலில் பாருங்கள்.

ஹிண்டிங் (எழுத்தின் கோடுகளைத் திரையின் பிக்சல்களுக்குப் பொருத்தும் குறிப்புகள்) சேர்க்க வேண்டாம். தானியங்கி ஹிண்டிங் ஒவ்வொரு கோட்டையும் தனித் தண்டாக எண்ணி பிக்சல் கட்டத்துக்கு இழுக்கும். ஒரு தடம் அகன்று அடுத்தது ஒடுங்கும்.

எந்த அளவுக்குக் கீழே பயன்படாது

கோடு 18 அலகு என்பதால் கணக்கு எளிது. 72 புள்ளி அளவில் கோட்டின் தடிமன் 0.46 மி.மீ. 36 புள்ளியில் 0.23. 24 புள்ளியில் 0.15 மி.மீ.; கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக வைத்தால் அச்சில் மை பரவி அடைத்துவிடும் தடிமன் அது. திரையில் 56 பிக்சலில் கோடு சரியாக ஒரு பிக்சல். அதற்குக் கீழே சாம்பல் நிறமாக மங்கும். இருமடங்கு அடர்த்தித் திரைகளில் இந்த எல்லை 28. டி-ஷர்ட்டில் திரை அச்சுக்கு 0.5 மி.மீ. கோடு வேண்டுமென்றால் 79 புள்ளிக்கு மேல் போக வேண்டும். வினைல் வெட்டி ஒட்டுவதற்குக் கோடு 3 மி.மீ.யாவது இருந்தால்தான் உரிக்கும்போது கிழியாது. அப்போது எழுத்தின் உடல் ஏறத்தாழ 93 மி.மீ. உயரம் வரும். லேசரில் அக்ரிலிக் வெட்டுவதானால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: வெளி ஓரக்கோட்டைவிட்டு உள் ஓரக்கோடு தனியாகப் பிரிந்து விழும். ஃ, வ போன்ற எழுத்துகளின் சுழியை நிறுத்தப் பின்பலகை தேவை.

சோதனைச் சொற்களாக 'விண்வெளி', 'மின்னணு', 'ஊஞ்சல்', 'ஞாயிறு', 'கூழாங்கல்', 'ஔவை' ஆகியவற்றை 60, 90, 200 புள்ளிகளில் அச்சிட்டு, சுவரில் ஒட்டி நான்கு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்ப்பது போதாது. தடமும் உள்வெளியும் கலக்கிறதா என்பது தொலைவில்தான் தெரியும். எந்தச் சுழி முதலில் மங்குகிறதோ அதன் உள்வெளியை 8 அலகு கூட்டுங்கள்.

கடைசி வேலை, எடுத்து வைத்த 'நிரப்பு' வடிவங்களைத் தனி எழுத்துருவாக்குவது. அவுட்லைனை மேலேயும் இதைக் கீழேயும் வைத்து வேறு நிறம் கொடுத்தால் இருவண்ணத் தலைப்பு கிடைக்கும். அதற்கு ஒவ்வோர் எழுத்தின் அகலமும் கெர்னிங்கும் இரண்டு கோப்பிலும் ஓர் அலகும் மாறாமல் ஒத்திருக்க வேண்டும். நிரப்பு வடிவத்தை 9 அலகு, அதாவது கோட்டின் பாதி, உள்ளிழுத்துவிடுங்கள். அதன் ஓரம் கோட்டின் நடுவே ஒளிந்துகொள்ளும்; அச்சில் இரண்டு நிறங்கள் சற்றே விலகினாலும் வெள்ளைக் கீற்றுத் தெரியாது. இரண்டையும் ஒரே குடும்பப் பெயரில், 'கோடு', 'நிரப்பு' என்ற இரு பாணிகளாக ஓ.டி.எஃப். கோப்பாகவும், இணையத்துக்கு வோஃப்2 கோப்பாகவும் ஏற்றுமதி செய்யுங்கள். ஓ.எஃப்.எல். (ஓபன் ஃபாண்ட் லைசன்ஸ்) என்ற திறந்த உரிமத்தில் இருக்கும் வேறொரு தமிழ் எழுத்துருவின் வடிவங்களை எடுத்து மாற்றிச் செய்திருந்தால், அந்த உரிமப்படி உங்கள் எழுத்துருவும் அதே உரிமத்தில்தான் வெளிவர வேண்டும்; அசலுக்கு ஒதுக்கப்பட்ட பெயர் இருந்தால் அதை உங்கள் கோப்பில் பயன்படுத்தக் கூடாது.